தோட்டாவுக்கு எண்ணெய் தேய்த்த உத்திராபதி

உத்திராபதி அண்ணன் மேல் ஈ உட்காராது. உட்கார்ந்தால் வழுக்கி விழுந்துவிடும். நானே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். விழுந்த ஈ எழுந்து, இறக்கையை உதறிக்கொண்டு, பக்கத்து வீட்டு ராசாங்கத்தைத் தேடிப் பறந்து போயிற்று. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் அண்ணன் சாய்ந்து உட்கார்ந்த சுவர்கள் இன்னும் எங்கள் ஊரில் இருக்கின்றன. எத்தனை முறை சுண்ணாம்பு பூசினாலும் அவர் தலை பட்ட வட்டம் மட்டும் மஞ்சளாக மேலே வந்துவிடும்.

குன்னத்துக்கு மேற்கே இருக்கிறது எங்கள் ஊர். பருத்தி, கடலை, சின்ன வெங்காயம் எல்லாம் மழையை நம்பித்தான். அங்கே மழையைவிட எண்ணெயை அதிகம் நம்பியவர் உத்திராபதி அண்ணன் ஒருவர்தான். என் பெரியப்பா மகன். ஆள் நல்ல உயரம், மீசை நல்ல கறுப்பு, மீசை நுனியில் எப்போதும் ஒரு சொட்டு விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே தொங்கும்.

உலகத்தில் உள்ள எல்லாத் தொல்லைக்கும் காரணம் சூடு என்பது அவருடைய முடிவு. முழங்கால் வலித்தால் சூடு. பெண்டாட்டி கோபப்பட்டால் சூடு. மாடு பால் குறைத்தால் சூடு. சூட்டுக்கு மருந்து எண்ணெய். வீட்டு ரேடியோ கரகரத்தபோது அதற்கும் சூடுதான் என்று பின்பக்கத்து ஓட்டை வழியாக ஒரு கரண்டி விளக்கெண்ணெய் விட்டார். அதன் பிறகு செய்தி வாசிக்கிறவர்கள் எல்லாரும் கிணற்றுக்குள் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார்கள்.

வாலிகண்டபுரத்திலிருந்து செங்கமலம் அண்ணி இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது, தாலியின் மூன்று முடிச்சையும் மாப்பிள்ளையின் அக்காதான் போட்டாளாம். அது வழக்கம்தானே என்பீர்கள். வழக்கம்தான். ஆனால் மாப்பிள்ளை முயற்சி செய்து, விரல் வழுக்கி, அதற்குப் பிறகுதான் வழக்கத்துக்கு வந்தார்கள் என்று அண்ணி சொல்வாள்.

அப்படிப்பட்டவரிடம் ஒரு துப்பாக்கி இருந்தது.

காட்டுப்பன்றியிடமிருந்து கடலையைக் காப்பாற்ற அவருடைய அப்பா காலத்தில் லைசென்ஸோடு வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி. வயதாகிவிட்டதால் அதில் தோட்டா உட்காரும் வாய் கொஞ்சம் தேய்ந்திருந்தது. திருச்சியில் விற்கிற காகிதத் தோட்டாவைப் போட்டால் உள்ளேயே உப்பிக் கிழிந்து மாட்டிக்கொள்ளும். ஆகவே அண்ணன் பழைய பித்தளைத் தோட்டாவைத்தான் பயன்படுத்தினார். பித்தளைத் தோட்டாவில் ஒரு சௌகரியம் உண்டு. சுட்ட பிறகு கூட்டை எறிய வேண்டாம். பின்பக்கம் பொறி கிளப்புகிற புதுக் கேப்பு வைத்து, உள்ளே வெடிமருந்து போட்டு, தக்கையால் அடைத்தால் மறுபடியும் தோட்டா. ஆனால் சுட்ட கூடு கொஞ்சம் பருத்துப் போயிருக்கும். அதை ஓர் இரும்பு வளையத்துக்குள் தட்டி நுழைத்து இளைக்க வைக்க வேண்டும். வளையத்தைப் பெரம்பலூர் லேத் பட்டறை கொளஞ்சி கடைந்து கொடுத்திருந்தார். காய்ந்த பித்தளை அந்த வளையத்துக்குள் போகாது, சிக்கிக்கொள்ளும். அதனால் மேலே லேசாக எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள் என்று கொளஞ்சி சொல்லி அனுப்பினார்.

லேசாக என்ற சொல்லை அண்ணன் பஸ்ஸிலேயே தவற விட்டுவிட்டார்.

வெடித்த கூட்டைத் தொட்டால் சுடும் அல்லவா? சூடு! அவருக்கு அது போதும். சனிக்கிழமை காலையில் ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணன் கிணற்றடியில் கோவணத்தோடு உட்கார்ந்து, தன் தலையில் ஓர் உள்ளங்கை எண்ணெய் வைப்பார். பிறகு பக்கத்தில் வரிசையாக நிற்கிற கூடுகளுக்கு வைப்பார். வெளியில் தேய்த்து, உள்ளே விட்டு, விரலை நுழைத்துச் சுற்றி, அடிப்பக்கத்தை உச்சந்தலை மாதிரி தட்டித் தட்டி அரக்கித் தேய்ப்பார். எல்லாரும் இளவெயிலில் ஊறுவார்கள். நேரம் ஆனதும் அண்ணன் மட்டும் உசிலை இலையை இடித்த அரப்புப் பொடி போட்டு வெந்நீரில் குளித்துவிட்டு வருவார். கூடுகள் குளிக்காது. எண்ணெயோடேயே வளையத்துக்குள் போய், எண்ணெயோடேயே மருந்தையும் விழுங்கி, எண்ணெயோடேயே துப்பாக்கிக்குள் போய் உட்காரும்.

சில சமயம் வெடிக்கும். பல சமயம் வெடிக்காது. பன்றியின் நல்ல காலம் என்று விட்டுவிடுவார்.

பன்றியை விட்டுவிடலாம். சாமியை விட முடியுமா?

காணும் பொங்கலன்று எங்கள் ஊர் ஐயனார் பாரிவேட்டைக்குப் போவார். மரக்குதிரையின் மேல் ஏற்றி, ஊருக்கு வெளியே உசிலங்காட்டுக்குத் தூக்கிப் போவார்கள். அங்கே வானத்தைப் பார்த்து ஒரு வெற்றுவெடி வெடித்தால் சாமி வேட்டையை முடித்துவிட்டதாகக் கணக்கு. வெடிக்கும்வரை சாமி திரும்பாது, குதிரை திரும்பாது, தூக்குகிறவர்கள் தோளும் இறங்காது. அந்த வெடியை வெடிக்கிற உரிமை உத்திராபதி அண்ணனுடைய தாத்தா காலத்திலிருந்து அந்த வீட்டுக்குத்தான். வருஷம் முழுக்க ஊர் அவரைக் கேலி செய்யும். அந்த ஒரு நாள் மட்டும் வழிவிட்டு ஒதுங்கி நிற்கும். அவர் அதற்காகவே மீசை வளர்த்தார் என்றுகூடச் சொல்லலாம்.

எழுபத்தொன்பதிலோ எண்பதிலோ ஒரு தையில், அந்தத் துப்பாக்கி சாமி முன்னால் "டொக்" என்றது.

திரும்ப ஒரு தோட்டா. திரும்ப "டொக்".

பங்காளி ராசாங்கம் தன் புதுத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெற்றிலையை மென்றபடி முன்னால் வந்தார். "அண்ணே, கதவத் தட்டுற மாதிரி இருக்கு. உள்ளேருந்து யாராச்சும் தொறப்பாங்களா?"

"சும்மா இருடா. மருந்து நமுத்துப் போச்சு."

"மருந்து எங்கண்ணே நமுத்துச்சு? வதங்கிப்போச்சு. தாளிச்சா கொழம்புக்கு ஆவும்."

குதிரையைத் தூக்கியவர்களே சிரித்துவிட்டதில் ஐயனார் குலுங்கினார். கடைசியில் ராசாங்கம் கடைத் தோட்டாவைப் போட்டு வெடித்தார். சாமி ஊர் திரும்பியது. கோயில் பெரியதனக்காரர் சாமிக்கண்ணு அன்றைக்கே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"இத பாரு உத்திராபதி, உங்க தாத்தா காலத்துலேருந்து மொத வெடி உங்க வூட்டுதுதான். நான் இல்லேங்கல. அதுக்காவ சாமியக் காட்டுல காய வெக்க முடியுமாப்பா? வர்ற வருசம் ஒரே ஒரு தடவ. வெடிக்கலேன்னா அப்புறம் என்னிக்கும் ராசாங்கம் வூட்டுக்குத்தான். சாமி குத்தம்னு நெனச்சீன்னா ஒரு மொட்டையப் போட்டுடு."

மொட்டை என்றதும் அண்ணன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த வேட்ட முடியட்டும்ங்க" என்று தள்ளிப் போட்டார்.

அந்த வருஷம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. குன்னம் சந்தையில் யாராவது கடைக் கதவைத் தட்டினால்கூடத் திரும்பிப் பார்ப்பார். யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். தோட்டா வெடிக்காததற்குக் காரணம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. எண்ணெய் போதவில்லை.

நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய் மூன்றையும் கலந்தார். பித்தளைக் கும்பாவில் ஊற்றினார். கூடுகளைச் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை தேய்ப்பதோடு நிறுத்தாமல் கும்பாவுக்குள் முழுகவே போட்டுவிட்டார். ஒன்றை எடுத்து, மருந்து போட்டு, கடலைக் கொல்லைக்குப் போய்ப் பன்றி மேல் பரீட்சை பார்த்தார். "டொக்." பன்றி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. பிறகு, பிடுங்கிய செடியில் ஒரு கொத்துக் கடலையை அவர் பக்கமாக நகர்த்தி வைத்ததாம். இதை அண்ணனே சொன்னார். நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

செங்கமலம் அண்ணிக்கு வீட்டில் தாளிக்க எண்ணெய் இல்லாத கோபம்.

"ஏங்க, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"நீங்க தலைக்கு எண்ணெ வெக்கிறீங்க. அப்புறம் என்ன பண்றீங்க?"

"அரப்பு போட்டுக் குளிக்கிறேன்."

"குளிக்காம அப்புடியே வெள்ள வேட்டியக் கட்டிக்கிட்டு அரியலூரு பஸ்ஸுல ஏறுவீங்களா?"

"ஏறுனா பக்கத்துல எவன் உக்காருவான்?"

"அந்தக் கூட்டுக்குள்ள மருந்து மட்டும் உக்காரணுமாக்கும்?"

அண்ணன் மீசையைத் தடவினார். சொட்டு விழுந்தது. "உனக்குத் துப்பாக்கியப் பத்தி என்னடி தெரியும்? தோட்டாவுக்கு அரப்பு போடுவாங்களா? ராசாங்கம் காதுல விழுந்தா தோட்டாவுக்குச் சீப்பு இருக்கான்னு கேப்பான்."

"கேட்டா நல்லதுதான். பொடுகு வந்துருக்கும்."

அதோடு பேச்சு நின்றது. கும்பா நிற்கவில்லை. ஊறிக்கொண்டே இருந்தது.

பொங்கல் வந்தது. மாட்டுப்பொங்கலும் போயிற்று. அண்ணன் ஊறிய கூடுகளில் நல்லதாகப் பார்த்துக் கொளஞ்சியின் வளையத்துக்குள் தட்டி எடுத்து, இளைத்துப் போன அவற்றை மறுபடியும் கும்பாவுக்குள் போட்டு வைத்தார். வேட்டை நாள் காலையில் எடுத்து மருந்து போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணம். நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் எழுந்து போய்ப் பார்த்தால் வைத்திருந்த மாடத்தில் கும்பா இல்லை.

கிணற்றடியில் இருந்தது. படையலுக்குக் கொண்டுபோக வேண்டிய குடம், தாம்பாளம், சொம்பு எல்லாவற்றோடும் அது கவிழ்ந்து கிடந்தது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததில் எல்லாம் தங்கமாக மின்னின. பக்கத்தில் முறத்தில், வெயிலில், அவருடைய தோட்டாக் கூடுகள். அவையும் மின்னின. உள்ளும் புறமும் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. தொட்டால் கீச்சென்று சத்தம் வந்தது.

அண்ணன் அலறியதில் எங்கள் வீட்டுக் கோழி முட்டையிடாமலே கொக்கரித்தது. நான் ஓடிப்போனேன்.

"அடிப் பாவி! எத்தன நாளா ஊறுனது! புளியப் போட்டுத் தேச்சுட்டியே!"

"படையலுக்குக் கும்பா வேணுமில்ல?"

"கும்பாவத் தேச்சே சரி. கூட்ட எதுக்குடி தேச்சே?"

"பித்தளையா இருந்துச்சு. தேச்சேன்."

"எண்ணெ எங்கடி?"

அண்ணி சாமி மாடத்தைக் காட்டினாள். விளக்கில் எரிந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு பிரகாசத்தை அந்த வீடு அதற்கு முன் பார்த்ததில்லை.

அண்ணன் முறத்தின் முன்னால் அப்படியே குந்திவிட்டார். நான் எங்கள் வீட்டிலிருந்து எண்ணெய் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். கை ஆட்டினார். ஊறாத எண்ணெய் எண்ணெயில் சேர்த்தியில்லையாம். அதற்குள் தெருவில் மேளச் சத்தம் கேட்டது. சாமி கிளம்பிவிட்டது. வேறு வழியில்லாமல், கைவிட்ட நோயாளிக்குக் கஞ்சி ஊட்டுகிற மாதிரி, ஒரு காய்ந்த கூட்டில் கேப்பு வைத்து, மருந்து போட்டு, தக்கையால் அடைத்தார். "எங்க தாத்தா பேரு இன்னியோட போச்சு" என்றார். அண்ணி கும்பாவில் சுண்டல் நிரப்பிக்கொண்டிருந்தாள். ஆனால் பாதிச் சுண்டல் தரையில் கொட்டிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

உசிலங்காட்டில் கூட்டம் வட்டமாக நின்றது. நடுவில் குதிரை மேல் ஐயனார். ஒரு பக்கம் ராசாங்கம், துப்பாக்கியில் முன்னாலேயே தோட்டாவைப் போட்டுக்கொண்டு, சாமந்திப்பூவைக் குழலில் சுற்றி மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

"ஒரு தடவதான் உத்திராபதி" என்றார் சாமிக்கண்ணு.

அண்ணன் துப்பாக்கியை மடக்கித் தோட்டாவை நுழைத்தார். பாதி போயிற்று. அதற்கு மேல் போகவில்லை. எத்தனையோ வருஷமாக வழுக்கிக்கொண்டு போய்ப் பழகிய இடம். காய்ந்த பித்தளை கீச்சென்று நின்றுவிட்டது. அழுத்தினார். வெளியே இழுத்தார். திரும்ப நுழைத்தார். கீச்.

"போன வருசம் டொக்கு, இந்த வருசம் கீச்சு" என்றார் ராசாங்கம். "அண்ணே, அடுத்த வருசம் மியாவ்தான். ஒரு தரம் அழுத்திப் பாருங்க. இல்லேன்னா தள்ளிக்கங்க. தூக்குறவனுக்கு தோளு வலிக்குதாம்."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. தோட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல், தலையைச் சொறிந்தார். தோட்டா இருந்த கையாலேயே சொறிந்தார். சட்டென்று கை நின்றது. தோட்டாவைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ஒரு பக்கம் மினுமினுவென்று இருந்தது.

எண்ணெய்க்கு அவர் எங்கே போக வேண்டும்? ஒரு செக்கையே தலையில் சுமந்துகொண்டல்லவா நிற்கிறார்!

ஐயனார் முன்னால், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, உத்திராபதி அண்ணன் தோட்டாவைத் தன் தலையில் வைத்து உருட்டினார். பெண்கள் ஊசியைத் தலைமுடியில் தேய்த்துக்கொள்வார்களே, அது மாதிரி. காதோரம் ஒரு உருட்டு, பிடரியில் ஒரு உருட்டு. கூட்டம் வாயைப் பிளந்தது. "யோவ், தலையிலயே வெடிச்சுடப் போவுது!" என்று யாரோ கத்தினார்கள். சாமிக்கண்ணு இரண்டு அடி பின்னால் போனார்.

அண்ணனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பழக்கம் விடுமா? உச்சந்தலையில் விரலைக் குழித்து, நன்றாக வழித்து, தோட்டாவுக்கு இன்னும் ஒரு பூச்சு வைக்கப் போனார்.

"போதும்ங்க!"

பெண்கள் பக்கத்திலிருந்து, கும்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, செங்கமலம் அண்ணி கத்தினாள். சாமி முன்னால் அவள் அப்படிக் கத்துவாளென்று நான் நினைக்கவில்லை. அவளே நினைத்திருக்க மாட்டாள்.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து எண்ணெய் விஷயத்தில் அண்ணி சொன்ன எதையும் அவர் கேட்டதில்லை. கையைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். விரலில் வழித்ததை மீசையில் தடவிக்கொண்டு, தோட்டாவைத் துப்பாக்கிக்குள் விட்டார்.

தாய் வீட்டுக்குள் நுழைகிற பெண் மாதிரி அது உள்ளே போயிற்று.

அண்ணன் துப்பாக்கியை வானத்துக்குத் தூக்கினார். கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தச் சத்தத்தைப் பற்றி நான் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன். உசிலை மரங்களின் இலையெல்லாம் கொட்டி, ஊர்ப் பெண்கள் மூன்று மாதத்துக்கு அரப்பு பறிக்காமல் அள்ளிக்கொண்டு போனார்கள். சாமிக்கண்ணுவின் தலைப்பாகை தானாக அவிழ்ந்து தோளில் துண்டாக விழுந்தது. ரோட்டில் போன அரியலூர் பஸ்ஸை நிறுத்திவிட்டு, டிரைவர் இறங்கி நாலு டயரையும் தட்டிப் பார்த்தார். அன்றைக்கு ஓட ஆரம்பித்த பன்றிகள் பச்சமலையைத் தாண்டித்தான் மூச்சு வாங்கினவாம். ராசாங்கம் வாயிலிருந்த வெற்றிலையை மெல்லாமல் விழுங்கிவிட்டார்.

"சாமி கெளம்பட்டும்ப்பா" என்றார் சாமிக்கண்ணு, தலைப்பாகையைக் கட்டிக்கொண்டே. "மொத வெடி உத்திராபதி வூட்டுதுதான். மொட்டையெல்லாம் வேணாம். தலை இருக்கட்டும்."

அன்று சாயங்காலம் ராசாங்கம் தயங்கித் தயங்கி வந்து, வாசற்படியில் நின்று, "அண்ணே, அது என்ன எண்ணெண்ணே?" என்று கேட்டார். கிண்டலே இல்லை. அண்ணன் ஒரு மணி நேரம் விளக்கினார். வருஷம் முழுக்க ஊறிய மூன்று எண்ணெயும் பித்தளையின் எலும்புக்குள் இறங்கிவிட்டது, மேலே தேய்த்து என்ன, கீழே தேய்த்து என்ன, உள்ளே இறங்கினது இறங்கினதுதான் என்றார். புளியைப் பற்றி மூச்சு விடவில்லை. ராசாங்கம் அதை நம்பி, தன் கடைத் தோட்டாவைக் கொண்டுபோய் எண்ணெயில் ஊறப் போட்டு, காகிதமெல்லாம் பிரிந்து, பிறகு ரொம்ப நாள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. நான் அரப்பு கேட்கப் போனேன். அண்ணன் கிணற்றடியில் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தார். முதல் நாள் வெடித்த கூடு பக்கத்தில் ஊறிக்கொண்டிருந்தது. அதை வளையத்துக்குள் தட்டி எடுத்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்தார். நான் இருந்ததைக் கவனிக்கவில்லை. அண்ணி தேய்ப்பதற்காகக் குவித்து வைத்திருந்த பாத்திரங்களுக்கு நடுவில், ஒரு சொம்பின் மறைவில், அந்தக் கூட்டை மெதுவாக நிற்க வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல் வந்து உட்கார்ந்துகொண்டார்.

அண்ணி புளியோடு வந்தாள். சொம்பை எடுத்தாள். கூட்டைப் பார்த்தாள்.

"ஏங்க, இது இங்க எப்புடி வந்துச்சு?"

"எது?"

"இதுதான்."

அண்ணன் எட்டிப் பார்த்தார், முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி. "அதுவா? பித்தளையா இருக்கே. பித்தளன்னா தேச்சு வெக்க வேண்டியதுதானே? எல்லாத்தையும் நான் சொல்லணுமா?"

அண்ணி அதைத் தேய்த்தாள். உள்ளே விரலை விட்டு, சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். அடுத்த சனிக்கிழமையும் தேய்த்தாள். அண்ணன் துப்பாக்கி பிடிக்க முடிந்த காலம்வரை, எங்கள் ஊர் ஐயனார் ஒரு தடவைகூடக் காட்டில் காத்து நிற்கவில்லை.